வலது இறக்கை

பட்டுப் புடவைக்கு டிசைன் வரைவது என் பிழைப்பு. பெரிய காஞ்சிபுரத்தில் இருபது வருடமாகக் கட்டத் தாளின்மேல் குனிந்தே கிடக்கிறேன். எங்கள் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. உருவத்தின் இடது பாதியை வரைந்தால் போதும், வலது பாதியைத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

அப்படிப்பட்ட என்னிடம், முசரவாக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை நாற்பதடி மதில்சுவரைக் கொடுத்து, "பெரிசா ஒண்ணு வரைம்மா" என்றார். தென்னேரி ஏரிமேல் இறக்கை விரித்த ஒரே நாரை, சுவர் முழுக்க என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளையடித்த சுவர் முன் கரித்துண்டோடு நின்றபோது பயத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. உள்ளங்கையைவிடப் பெரிதாக நான் எதையும் வரைந்ததில்லை. முழுசாக எதையுமே வரைந்ததில்லை.

வீட்டுக்குப் போய், புடவை முழுக்கத் தூவுகிற பழைய புட்டாப் பூ ஒன்றை அட்டையில் வெட்டி எடுத்துவந்து வரிசை வரிசையாக அச்சடித்தேன். இரண்டே நாளில் சுவர் புடவை கட்டிக்கொண்டது.

ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். "நாரையவிட இதுவே அழகா இருக்குதும்மா. ரொம்ப யோசிச்சியா?"

"ஒரு மாசமா யோசிச்சேன் டீச்சர்." கூசாமல் சொன்னேன்.

கூட வந்திருந்த என் தோழி தறிக்காரி, என் டிசைன்களை நெய்பவள். அவள் வெள்ளந்தியாக, "ஏன்டி, இது போன தீபாவளிக்கு நான் நெய்த புட்டாதானே?" என்றாள்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன், எனக்கு அந்த வாய் உண்டு. அவரோ மெதுவாக உள்ளே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பஸ்ஸில் தோழி சொன்னாள்: "பயமா இருக்குதுன்னு சொல்லியிருந்தா, நான் வந்து ஏணியப் புடிச்சுக்கினு நின்னிருப்பேன்ல?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுவாரம் ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொல்லி, புட்டாக்களை நானே சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏன் என்று கேட்டார்கள். பயந்துபோய்ச் செய்த வேலை என்றேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மானம் போனது.

பிறகு ஏணி ஏறினேன். கீழே தோழி பிடித்துக்கொண்டாள். இடது இறக்கை தானாக வந்தது, கை அப்படி ஓடியது. கழுத்தை முடித்துவிட்டு இறங்கிப் பார்த்தால், அதோ பள்ளியின் கேட்! வலது இறக்கைக்குப் பத்தடிகூட மிச்சமில்லை. பாதி உருவமே வரைகிற எங்களுக்குத் தாளின் வலது ஓரம்தான் நடு. இடது கோடியில் தொடங்கி, தாள் முடிகிற இடத்தில் உடம்பை வைத்தே பழகிய கை, சுவரிலும் நடுவைத் தாண்டிப் போயிருந்தது.

இன்னொரு தடவை அழிக்கத் தெம்பில்லை. வலது இறக்கையை மடக்கிச் சுருக்கி அந்த இடத்துக்குள் அடக்கினேன்.

முடித்த அன்று எதிரே பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரெக்க ஏரி மாதிரி கீது, இன்னொண்ணு முறம் மாதிரி கீது. யாருமா வரைஞ்சது இத?"

தோழி பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள். என் முகம் சுட்டது. பஸ் வேறு வந்துகொண்டிருந்தது, பேசாமல் ஏறிவிடலாம்.

"நான்தாங்க," என்றேன். "வலது பக்கம் இப்பதான் மொத தடவ வரையறேன்."