ஓடைக்கரையை மழித்த நாள்

கோரை அறுத்த உள்ளங்கை எப்படி எரியும் என்பது அறுத்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர் மேய்ச்சல் தரையின் நடுவே ஒரு சின்ன ஓடை போகிறது. அதன் இரண்டு கரையையும் நானும் என் ஓரகத்தியும் ஒரு பகல் முழுக்கக் கருக்கரிவாளால் ஒட்ட மழித்தோம். மாட்டுக் குளம்பு விழுந்த பள்ளங்களை மண் போட்டு நிரவினோம். அறுத்த கோரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் கொட்டகைக் கூரைமேல் காயப்போட்டோம்.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷனை இழந்த பிறகு மூன்று மாடுகளை வைத்துப் பிழைத்தவள். எனக்கு வாய் கிடையாது. ஐந்தாவதோடு நின்றவள் நான். பேனா பிடித்தவர்கள் எதிரே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சேர்த்து அக்காதான் பேசுவாள்.

கரையை மழித்ததற்கு முந்தின நாள் தலையாரி வந்து சொன்னார். "ஓடை எப்படி இருக்குன்னு அளக்க நாளன்னைக்கு ஆபீசரம்மா வர்றாங்க. மாடு எறங்கிக் கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டா, அப்பறம் மாட்ட விட முடியாது, பாத்துக்குங்க."

"அப்ப மூணையும் உங்க வீட்டுக் கொல்லையில கட்டிடுறேன். உங்க சம்சாரம் சாணி அள்ளட்டும்" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோடையில் அந்த மாடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னாலே வீட்ட மெழுகுறோம். இப்பிடிப் புதராக் கெடந்தா மாட்டுக்காரிய என்னடி நெனப்பாங்க? எடு அருவாள."

ஆபீசரம்மா சின்ன வயசுதான். டேப் பிடித்து, பத்தடிக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிடமும் குனிந்து பார்த்தார். எத்தனை செடி, எவ்வளவு நிழல், மண் எங்கே சரிந்திருக்கிறது, எல்லாம் எழுதினார். நான் குச்சிக்கட்டைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போனேன். அக்கா மோர் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள்.

"கரையில ஒண்ணுமே இல்லையே. எல்லாம் மாடு மேஞ்சதுதானேம்மா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நேற்றுவரை ஆள் உயரம் நின்றது, நாங்கள்தான் அறுத்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும். தலை மட்டும் ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா, எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் அக்கா வந்து, "குடிங்க மேடம், எங்க மாட்டு மோருதான்" என்று சொம்பை நீட்டினாள். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தரமும் வாங்கிக் குடித்தார்.

தை மாதம் ஓடையின் இரண்டு பக்கமும் கம்பிவேலி வந்தது. சித்திரைக்குள் மூன்று மாடும் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்குப் போயின. கடைசி மாட்டை ஏற்றிவிட்ட அன்று அக்கா வெறும் முளைக்குச்சியைப் பார்த்தபடி, "தெனம் பக்கத்துலயே நின்னேனே. எம்மாடு இவ்வளவு கெடுத்தது என் கண்ணுல படலையேடி" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று திட்டுவாள் என்ற பயம் முதலில். நாள் போகப்போக, திட்டக்கூட மாட்டாள், பேசாமல் இருந்துவிடுவாள் என்ற பயம். போன ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். தன் மாடுகள்தான் ஓடையைக் கெடுத்தன என்று நம்பியே போனாள்.

இந்த மாதம் வேறொரு பெண் டேப்போடு வந்து வேலிக்குள் அளந்தாள். கோரை அவள் தலைக்குமேல் நின்றது.

"வேலி போட்டதும் எப்படி வந்துருக்கு பாத்தீங்களாம்மா? முன்னாடி மாடு மேஞ்சு மொட்டையாக் கெடந்துச்சாமே?"

"இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இதே உசரந்தான் நின்னுச்சு. நானும் எங்கக்காவுந்தான் அறுத்தோம்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏம்மா அறுத்தீங்க?"

"நீங்க பாக்க வர்றீங்கன்னுதான்."