நாற்காலியில் இருந்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், பெண் தொழிலாளர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்குப் போயிருந்தேன். பெண்கள் தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்பு ஏறிய சுக்கைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு பட்டு விரல்களெல்லாம் வெந்திருந்தன. மேற்பார்வையாளர் பாலக்காட்டுத் தமிழர். வெள்ளை வெளேரென்ற வேட்டி. நாற்காலியை விட்டு எழாமல், அந்தப் பெண்கள் பக்கமாகவே வெற்றிலைச் சாற்றைத் துப்புவார்.

“இவர்களுக்கு மட்டும் ஏன் பாதிக் கூலி?” என்றேன்.

“ஆம்பளை நின்னுண்டு மூட்டை தூக்கறான், சார். இவா உக்காந்துண்டன்னா இருக்கா! உக்காந்துண்டு செய்யறது ஒரு ஜோலியா?”

“நீங்களும் உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்?”

“நான் நாற்காலியிலன்னா உக்காந்திருக்கேன்,” என்றார், சிரிக்காமல்.

மறுபடி துப்பத் திரும்பினார். அருகிலிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காலை இழுத்துக்கொண்டாள். அவள் அதற்குப் பழகியிருந்தாள்.