பூண்டு நாறும் பூச்செடி

அடுத்தவர் வீட்டு அடுப்பை மோப்பம் பிடிக்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. மைசூர் அக்ரஹாரத்தில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி அந்த ரகம். கீழே அவள், மேலே நான். வெங்காயம், பூண்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நிபந்தனை. ஆபீசுக்கு நடந்தே போகலாம் என்கிற ஒரே காரணத்துக்காக ஒப்புக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன், பூண்டில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டு.

நாக்குதான் செத்துப்போனது, மூக்காவது பிழைக்கட்டும் என்று நர்சரியிலிருந்து ஒரு செடி வாங்கிவந்தேன். பார்த்தால் புல். இலையைக் கசக்கினால் பச்சைப் பூண்டு நெடி. நீண்ட தண்டின் நுனியில் கொத்தாக ஊதாப்பூ. பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு நட்டேன். பாசம் பொங்கித் தினமும் தண்ணீர் ஊற்றியதில் பாதி அழுகிவிட்டது. பிறகு மணலைக் கலந்து, நல்ல வெயிலில் தள்ளிவைத்து, மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்தால் மட்டும் ஊற்றினேன். அப்புறம் அதற்கு என் தயவே தேவைப்படவில்லை. வாளி கொள்ளாமல் பெருகியதைப் பிரித்துப் பிரித்து நட்டதில் மொட்டைமாடிச் சுவரோரம் முழுக்க வாளிகள். சாயங்காலம் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

பூத்ததும் வீட்டுக்கார மாமி கூடையோடு மேலே வந்துவிட்டாள். கேட்கவெல்லாம் இல்லை. தண்டோடு ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமி, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தேன்.

"பெருமாளுக்குத்தானே பறிக்கறேன்? உனக்கும் புண்ணியம்" என்று வாயை அடைத்துவிட்டாள். சரி, வரட்டும் புண்ணியம் என்று விட்டுவிட்டேன்.

சில நாளிலேயே படியேறி வந்து நின்றாள். "பூஜை ரூம் பூரா ஈருள்ளி, பெள்ளுள்ளி நாத்தம். நீ வேற வீடு பாத்துக்கோ." வெங்காயம், பூண்டு என்று தமிழில் சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது, கன்னடத்தில் சொன்னாள்.

ஆபீசுக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது? மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். "சத்தியமா நான் பூண்டைத் தொடலீங்க மாமி. இந்தச் செடிதானுங்க நாறுது. பூவ மோந்து பாருங்க."

"பெருமாளுக்குச் சாத்தற புஷ்பத்த மோந்து பாக்கப்படாது. அதுகூடத் தெரியாதா நோக்கு?"

என் அடுப்புக்கு மட்டுமே வேலை செய்கிற மூக்கு. எரிச்சலில் ஒரு இலையைக் கசக்கி நீட்டினேன். இலைக்குத் தடையில்லை போலும், குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது ஜெயித்துவிட்ட முகம்.

"பூண்டு உரிச்ச கையால தண்ணி விட்டா செடி வேற எப்படி நாறும்?"

இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கினேன். வேறு வீடு பார்த்தேன். இப்போது ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

சாமான் ஏற்றுகிற அன்று வாசலில் வந்து நின்றாள். "அந்த ஊதாப்பூச் செடி ஒண்ண வச்சுட்டுப் போயேன். பெருமாளுக்கு அது ரொம்ப அழகா இருக்கு."

அடுத்துக் குடிவரப்போகிறவர்கள் பாவம்தான். ஆனாலும், இருப்பதிலேயே அடர்ந்த வாளியாகப் பார்த்து இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.