ஆற்றைத் தாண்டாமல் அக்கரைக்கு

வெள்ளாற்றுக் கற்பாலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அதன் வளைவுகளையும் சுண்ணாம்புக் காரையையும் புகழ்கிறவர்கள் உண்டு. புராதனச் சின்னம் என்கிறார்கள். இருக்கட்டும். மாட்டுவண்டிக்காகக் கட்டிய பாலத்தில் இன்று லாரி போகிறது என்றால் சும்மாவா? ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் அதன் பெருமையே வேறு.

அது யுத்த காலம். எனக்கு நிறைமாதம். முதல் இரண்டும் வீட்டுப் பிரசவம். இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதையாவது புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெறுவது என்று பிடிவாதமாக இருந்தேன். ஊர் வழக்கமோ குறுக்கே நின்றது. பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் வலி கண்டது. என் கணவர் வண்டி பூட்டினார். என்னைத் தடுப்பதற்கென்றே மாமியாரும் ஏறிக்கொண்டார். பாலத்தின் முகப்பு வந்ததும் குதித்திறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

“ரெண்டப் பறிகொடுத்தது பத்தாதாத்தா? ஆத்தத் தாண்டுனா இதுவும் நமக்கில்ல. வண்டியத் திருப்புடா!”

அவர் குரலில் இருந்தது அதட்டல் இல்லை, பயம். எனக்கும் பயம்தான், கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

“அயித்தை, ஆறு கீழ ஓடுது. நா நடக்கப்போறது கல்லு மேல. ஆத்துத் தண்ணி எங்காலுல பட்டாச் சொல்லுங்க, திரும்பிர்றேன்.”

நடந்தேன். கீழே செம்மண் வெள்ளம் தூண்களில் மோதி இரைந்தது. காலடியில் கல் இம்மியும் அசையவில்லை. வலி வந்தபோதெல்லாம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். மாமியார் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். அக்கரை சேர்வதற்குள் என் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அன்று மாலையே பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள். அதைக் கேட்டு மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நான் ஜெயித்துவிட்டேன் என்று படுத்தபடியே சிரித்தேன்.

மறுவருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தது. அவள் வீட்டார் ஆற்றை நினைத்துத் தயங்கினார்கள். என் மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

“பாலத்து மேல போனா ஆத்தத் தாண்டுன கணக்குல வராது. ஓட்டுங்கடா வண்டிய!”