அண்ணைக்கு வைத்த மெஷ்

அந்த வெள்ளைத் துண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். நுளம்பு வலையில் வெட்டி எடுத்தது போலிருந்தது. டொக்டர் அதை மேசையில் வைத்து, அண்ணையை இழுத்துப் பார்க்கச் சொன்னார். குருநகரில் முப்பது வருடம் வலை இழுத்த கைகளால் அண்ணை அதை இருபக்கமும் பிடித்து இழுத்தார். "நல்ல சாமான்" என்றார். தொப்புளுக்கு மேலே புடைத்து நின்ற ஹேர்னியாவை உள்ளே தள்ளி, அந்த மெஷ்ஷை வைத்துத் தைத்தால் சில மாதங்களில் கடலுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடையில் புகுந்தவள் நான். விஞ்ஞான ஆசிரியை, எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கிழமை முழுக்கக் கைபேசியில் மெஷ் பற்றித்தான் வாசித்தேன். உள்ளே சுருங்கிப்போன பிளாஸ்டிக், தீராத வலி, வெளிநாட்டு வழக்குகள் என்று எத்தனையோ கதைகள். விலங்கின் தோலைப் பதப்படுத்திச் செய்யும் இன்னொரு வகை உண்டு, அது உடம்போடு கலந்துவிடும் என்றும் இருந்தது. 'கலந்துவிடும்' என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

"பிளாஸ்டிக்கை ஏன் டொக்டர் சாகும்வரைக்கும் வயித்துக்குள்ளை வைச்சிருக்க வேணும்? தோல் மெஷ் எண்டால் உடம்போடை கலந்திடுமே."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "கலக்கிறதுதான் பிரச்சினை, டீச்சர். அது கரைஞ்சு போக முன்னம் இவரின்ரை தசை இறுகாட்டில் திரும்ப விரிஞ்சிடும். சீழ் பிடிச்ச வயிறெண்டால் அதை யோசிக்கலாம். இவருக்குச் சீழ் இல்லை. பாரம் இழுக்கிற ஆள்."

நான் விடவில்லை. மூன்று தரம் அவர் முன்னால் போய் நின்றேன். தோல் மெஷ்ஷைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வழியும் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் டொக்டர் அண்ணையைப் பார்த்தார். "தங்கச்சி படிச்சவள். அவள் சொல்லுறபடி செய்யுங்கோ" என்றார் அண்ணை.

தோல் மெஷ்ஷை வைத்துத் தைத்துப் பத்து மாதம் கழித்து, வள்ளத்தைக் கரையேற்றும்போது புடைப்பு திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஆட்கள் விசாரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "டொக்டர் பிழையான சாமானை வைச்சிட்டார்" என்றார் அண்ணை. திரும்பி வரும் வழியில் அவர் என்னை வாய் திறக்கக்கூட விடவில்லை. "உண்மை தெரிஞ்சால் எல்லாரும் உன்னைத்தான் பேசுவினம். உன்ரை அண்ணி வீட்டுப்பக்கம் அண்ட விடாள். டொக்டர் வெளியூர் ஆள், இடமாற்றம் கிடைச்சுப் போயிடுவார். நீ பேசாமல் இரு." அவர் பாசத்தில் சொன்னார். எனக்கு வசதியாக இருந்தது. பேசாமல் இருந்தேன்.

அண்ணி அந்தப் பொய்யை முழுதாக நம்பினார். டொக்டர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார், வந்தால் மற்ற மெஷ்ஷை வைத்துச் சரிப்படுத்தலாம் என்று. "ஒருக்கா வெட்டினது காணும், இனி வேண்டாம்" என்று அண்ணி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அண்ணை வயிற்றைச் சுற்றிப் பெல்ட் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். ஒரு நாள் வாந்தியும் வலியுமாக வள்ளத்தில் படுத்தபடி கரைக்கு வந்தார். புடைப்புக்குள் குடல் அகப்பட்டுக் கறுத்துப்போயிருந்தது. வெட்டியது அதே டொக்டர்தான். மூன்றாம் நாள் அண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டின் பின் டொக்டரைத் தேடிப் போனேன். ஊரில் தன்னைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்கள் கேட்டனீங்கள். மாட்டன் எண்டு நான் சொல்லியிருக்க வேணும். வைச்ச கை என்ரை." அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீது அருவருப்புத்தான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டு மனிசி, தன் கணவருக்கும் ஹேர்னியா, அந்த டொக்டரிடம்தான் நாள் எடுத்திருக்கிறது என்றார். அண்ணி பதறிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். "வேண்டாம். அந்தாள்தான் பிழையானதை வைச்சு என்ரை மனிசனைக் கொன்றது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே கூடப் போனனி. சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம், அண்ணி" என்றேன்.