பெர்ரி பெஞ்சில் கைமாறிய குங்குமம்

சின்னம்மா என்பது உறவுமுறை இல்லை, அவள் பெயரே அதுதான். பாகான் டாலாமிலிருந்து தினமும் கடல் தாண்டும் பெர்ரி ஏறி, பினாங்கில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கப் போகிறாள். இருபது வருடமாகிறது. தோள்வலி இல்லாத நாள் அவளுக்குக் கிடையாது. நான் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி நறுக்குகிறவள். காலை ஆறரை பெர்ரியில் எங்கள் ஐந்து பெண்களுக்கும் மேல்தட்டில் ஒரே பெஞ்சு.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவர் மறுநாள் குங்குமப் பொட்டலம் கொண்டுவருவார். அது கைமாறி வரும், எல்லோரும் இட்டுக்கொள்வோம்.

எண்பத்திரண்டில் சின்னம்மாவின் மகள், தன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த சீனப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சின்னம்மா இருவரையும் வீட்டில் சேர்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை, எங்களில் மூத்தவரான புஷ்பவள்ளி அக்கா பொட்டலத்தைச் சின்னம்மாவைத் தாண்டி என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். அம்மன் மன்னிக்கட்டும்.

அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் சின்னம்மா பெஞ்சுக்கு வரவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாதங்கள் போயின. மனசு கேட்காமல் ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கென்னடி கோபம்? நீங்கல்லாம் தப்பா நினைப்பீங்கன்னுதான்லா!"

மற்ற இருவரையும் கேட்டேன். "அக்காவே குடுக்கல, நாங்க எப்படி?" என்றார்கள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோபம் என்று யாருக்குமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பொட்டலம் என் கைக்கு வந்ததும் எழுந்து கம்பியருகே போனேன்.

"சின்னம்மா, எடுத்துக்க."

"அங்க அக்கா பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

இட்டுக்கொண்டாள்.

மறுவாரம் புஷ்பவள்ளி அக்காவே குரல் கொடுத்தார். "ஏய் சின்னம்மா, அந்தக் கம்பியத்தான் கட்டிக்கிட்டியா? வந்து உக்காருலா!"

பெஞ்சே சிரித்தது. ஒதுக்கியது எவ்வளவு சுலபமோ, கூப்பிட்டதும் அவ்வளவு சுலபம். நகர்ந்து இடம்கூட விட்டார்கள்.

சின்னம்மாவும் லேசாகச் சிரித்தாள். "இருக்கட்டும்க்கா. எட்டு மாசம் நின்னுட்டேன். இப்ப அங்க உக்காந்தா, மறுபடி எப்ப ஒதுக்குவீங்கன்னே பாத்துக்கிட்டு இருப்பேன். அது இதைவிடக் களைப்பு."

இன்றும் சின்னம்மா நின்றுகொண்டுதான் வருகிறாள், அந்தத் தோள்வலியோடு. குங்குமம் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிக்கொள்கிறாள்.