எஸ். என்ற எழுத்துக்கு வந்த கடிதம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவாக மலர் அச்சிடப் போகிறோம், நீங்கள்தான் எழுத வேணும் என்று தம்பி வந்து நின்றபோது, "வேற ஆரும் எழுதட்டும்" என்றேன். அக்காவை நேசித்தவர்கள் பலர். அவர்மேல் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்திதான். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது என்பதால், மறைக்காமலே எழுதுகிறேன்.

அக்கா வடமராட்சியில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதும் எனக்கு ஒன்றரை வயதுமாக இருக்கையில் ஐயாவுக்கு முத்தையன்கட்டுத் திட்டத்தில் காணி கிடைத்தது. ஐயாவும் அம்மாவும் காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீருக்கு முறை காத்திருந்து, நெல் விதைத்து எங்களைப் படிக்க வைத்தார்கள். அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்கு ரியூசனுக்குப் போவோம். அக்கா கணிதத்தில் கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் நான்தான் முதல். இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டு வங்கிகள் கொழும்பில் கிளை திறக்கத் தொடங்கின. அவற்றில் ஒன்றுக்கு ஆள் தேவை என்று பேப்பரில் வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். அக்காவின் விண்ணப்பத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். விண்ணப்பம் கிடைத்ததென்று வங்கியிலிருந்து இருவருக்கும் ஆளுக்கொரு அட்டை வந்தது. முழுப் பெயரும் ஓர் இலக்கமும் அதில் இருந்தன. என் அட்டையை அலுமாரியில் பத்திரமாக வைத்தேன்.

பிறகு நேர்முகத் தேர்வுக்கு ஒரேயொரு கடிதம் வந்தது. அதன் மேல் "செல்வி எஸ்." என்று போட்டு ஐயாவின் பெயரைத் தட்டச்சு செய்திருந்தார்கள். எங்கள் இருவர் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்கும். ஐயாவும் ஒருவர்தான். நான் அப்போது மல்லாவியில், பிள்ளை பெற்றிருந்த சின்னம்மாவுக்குத் துணையாக நின்றேன். திரும்பி வந்து புதுக்குடியிருப்பில் பஸ்ஸால் இறங்கினால், கையில் பெட்டியோடு அக்கா நிற்கிறார்.

"தங்கச்சி, கடிதம் வந்திட்டுது. நான் வெளிக்கிடுறன்."

"ஆருக்கு வந்தது?"

"எஸ். எண்டுதான் போட்டிருக்கு. பேரை விடு, இலக்கத்தைப் பாரன்." கடிதத்தை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "பாக்கத் தேவையில்லை. நீங்கள் போங்கோ" என்றேன். அதுவரை அக்காவுடன் "நீ, வா, போ" என்றுதான் கதைப்பேன். அந்தப் "போங்கோ" மரியாதையால் வந்ததல்ல என்று அவருக்கும் விளங்கியது. பஸ் வெளிக்கிடும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தொடங்கிய "வாங்கோ, போங்கோ" கடைசிவரை மாறவில்லை.

அக்காவின் முன்னேற்றம் உங்களுக்குத் தெரிந்ததே. ஏற்றுமதி இறக்குமதிப் பத்திரங்களைச் சரிபார்க்கும் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் உடுத்த சேலையோடு வீட்டுக்கு வந்தவர், இரண்டு மாதத்தில் "வேலை கிடக்கு" என்று திரும்பிப் போனார். அந்தத் துணிவு எனக்கு இருந்திருக்காது. பின்னர் வங்கி அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. ஐந்து வருடத்திற்குள் அந்தப் பிரிவுக்கே முகாமையாளரானார். கப்பலில் வரும் சரக்குக்கான பத்திரத்தில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். "உங்கட அக்கா கையெழுத்து வைக்காட்டிக் கப்பலே நிக்குமாம், மெய்யோ?" என்று பக்கத்துக் காணி மாமி கேட்பா. "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டப் போவேன். 

அவர் லீவில் வந்தால் ஊரே எங்கள் வீட்டில்தான். எல்லோரும் அவரை மரியாதையாக "அவா" என்றுதான் சொல்வார்கள். நான் குசினியில் தேத்தண்ணீர் போடுவேன். எனக்கென்று கொண்டுவரும் சேலைகள் எனக்கு நன்றாகவே பொருந்தின, அதுவும் ஆத்திரமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் தனித்திருக்கும்போது, "அந்தக் கடிதம் இன்னும் என்னட்டக் கிடக்கு, பாக்கிறியே?" என்று கேட்பார். "எனக்கு வேலை கிடக்கு" என்பேன். அவர் போனபின் வந்தவர்களிடம், "அது எனக்கு வந்த கடிதம்" என்பேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

நோய் முற்றியபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருக்க விரும்பவில்லை. கொழும்பில் வந்திறங்கி, வவுனியாவரை ரயிலிலும், அங்கிருந்து சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறி வான் வண்டியிலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாலு மாதம் நான்தான் பார்த்தேன். தலை வாரி விடுகையில் ஒருநாள், "என்ர கறுப்பு பைலை ஒருக்கா எடன்" என்றார். "பிறகு பாப்பம், கஞ்சியைக் குடியுங்கோ" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அடுத்த கிழமை கண்ணை மூடினார்.

இந்த மலருக்குப் படம் தேடித்தான் சென்ற மாதம் அந்தப் பைலைத் திறந்தேன். படம் இருக்கவில்லை. கடிதமும், அதோடு குத்தியபடி அக்காவின் அட்டையும் இருந்தன. அலுமாரியிலிருந்து என் அட்டையை எடுத்து வந்தேன். என்னுடைய இலக்கம் அறுபத்துநான்கு. அக்காவின் அட்டையில் அறுபத்துமூன்று. கடிதத்தின் மூலையிலும் அறுபத்துமூன்று.

பத்து வருடம் நான் பார்க்க மறுத்தது ஏனென்று இப்போது விளங்குகிறது. பார்த்தால் இதுதான் இருக்கும் என்று எங்கேயோ தெரிந்திருக்கிறது. அந்தக் கடிதம் எனக்கு வந்ததாக இருந்திருந்தால், அக்காவை மன்னித்தவள் என்ற பெருமையாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதையும் அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை. இதை எழுதும்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அக்காவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து மருந்து தந்த வைத்தியருக்கும், சோதனைச் சாவடிகளில் பொறுமையாக நின்று அவரைக் கொண்டுவந்து சேர்த்த வான்காரருக்கும், சிங்கப்பூரிலிருந்து அவரது சாமான் பெட்டியை அனுப்பி வைத்த வங்கித் தோழிக்கும், செத்தவீட்டிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், பக்கத்துக் காணி மாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தக் கதையை என் வாயால் கேட்டவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி அதை யாருக்கும் சொல்லாதேயுங்கோ. கடிதம் அக்காவுக்குத்தான் வந்தது.

அக்கா, இலக்கத்தைப் பார்த்திட்டன். நீ போ.